காசியப கோத்திரத்துக் கொச்சிக்காரர்

என் அப்பா இறந்த பிறகுதான் காசியப கோத்திரத்தில் சேர்ந்தார்.

உயிரோடு இருந்தவரை அவர் கொச்சியில் பிறந்த யூதர். மைசூருக்கு வேலை தேடி வந்து, மேட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினார். முதல் வருஷத் திதிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக்கரையில் என் தாய்மாமா ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்தபோது புரோகிதர், "கோத்திரம்?" என்று கேட்டார். மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன். "தெரியலைன்னா காசியபம்னு சொல்லிக்கலாம்" என்றார் புரோகிதர். கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் காசியபர் பொறுப்பேற்றுக்கொள்வது வழக்கமாம். மாமா தலையாட்டினார். அப்பா சேர்க்கப்பட்டார்.

இரண்டாம் வருஷமும் காசியபம்தான். மூன்றாம் வருஷத் திதி வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பொதுவாகக் கோபம் முதலில் வரும், காரணம் பின்னால் வரும். அந்தத் தடவை இரண்டும் சேர்ந்தே வந்தன. யார் வீட்டுப் பந்தியிலோ அப்பாவை உட்கார வைத்து வருஷா வருஷம் பரிமாறிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். 'நான் இந்த வீட்டுக்காரன் இல்லை' என்று எழுந்து சொல்லக்கூட மாட்டார். இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

அப்போது நான் பி.எட். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவர் சொந்தபந்தமெல்லாம் அவர் வாலிபத்திலேயே இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர் ஏன் போகவில்லை என்று கேட்டால், கப்பலுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்பார். அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பக்கத்துப் பேச்சும் நின்றுவிட்டது. ஆக, அவர் யார் என்று தெரிந்துகொண்டு அவருக்கு முறையாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கோ ஒன்றும் தெரியாது.

அப்பா தன் மதத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டால், "அதொக்கெ உண்டு மோளே" (அதெல்லாம் இருக்கிறது மகளே) என்று மலையாளத்தில் முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் அவர் மதம் அம்மாவின் பழக்கவழக்கத்துக்குள் அடையாளம் தெரியாமல் கலந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு விளக்கு ஏற்றச் சொன்னார். அம்மா ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். "வெள்ளிக்கெழமை வெளக்கு ஏத்தாம எந்த வீட்ல இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ஏற்றினாள். விளக்கு வைத்த பிறகு காசு புழங்கக் கூடாது என்றார். அது எங்க ஊர்லயும் உண்டுதான் என்றாள். கறிக்குழம்போடு தயிர் சேர்க்க மாட்டார். மீனோடு தயிர் சேர்த்தால் தேமல் வரும் என்பது அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கறிக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். கல்யாண வீட்டுப் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் கையால் இலையை மறைத்துக்கொள்வோம். எங்களுக்கு வயிற்றுக் கோளாறு என்று ஊரில் பேச்சு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பிட்டு எழுந்தால், அப்பா செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு பின்கட்டுக்கு ஓடுவார். அங்கே குழாய் இருக்கிறது. நன்றாகவே தண்ணீர் வரும். ஆனாலும் விருந்தாளியின் இரண்டு கையிலும் அவரேதான் ஊற்றுவார். "அட, கொழா இருக்குதுங்களே மாப்ள" என்று மாமா கூச்சப்பட்டால், "இது எங்க குடும்ப வேலையாக்கும்" என்பார். அவர் வீட்டார் கொச்சியில் ஓட்டல் நடத்தியவர்கள் என்று மாமா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் தை மாதத்தில், செல்போனில் தேடிப் பார்த்து, இறந்துபோன அப்பா அம்மாவுக்காகப் பிள்ளை சொல்லவேண்டிய ஒரு பிரார்த்தனை அவர்களிடம் உண்டு என்று கண்டுபிடித்தேன். மொழிபெயர்ப்பைப் படித்தேன். சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். செத்தவரைப் பற்றிப் பேசாமலே செத்தவருக்காகச் சொல்வது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்கும் பிடித்திருக்கும். அவரைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

அதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தேடியதில் எருசலேமில் பெண்களுக்கென்றே ஒரு படிப்பு வீடு அகப்பட்டது. கோடைகாலத்தில் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு. அந்த வருஷம் வெளியூர்க்காரர்களை வரவழைக்கவில்லை, எல்லாம் வீடியோவில்தான். சின்னச் சமூகங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் போட்டிருந்தது. மைசூரில் எங்கள் சமூகத்தின் எண்ணிக்கை, அப்பா இருந்தபோது, ஒன்று. இதைவிடச் சின்னதாக ஒருத்தர் காட்டட்டும் பார்க்கலாம் என்று விண்ணப்பம் போட்டேன்.

வீட்டில் சொன்னபோது மாமாவும் இருந்தார். மாமா சென்டரிங் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"எருசலேமா? அது ஏசு ஊருதானம்மணி?" என்றாள் அம்மா.

"அவருக்கு முன்னாடியே இவங்க அங்க இருந்தாங்கம்மா."

"அப்ப நெம்பப் பழைய ஆளுங்க" என்றாள் மரியாதையாக.

"கிறிஸ்டீனுக்கு மாறப் போறியா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

"முஸ்லீமா?"

"இல்ல மாமா. அப்பா என்னவா இருந்தாரோ அதைப் பத்திப் படிக்கப் போறேன்."

"உங்கப்பா லேத் ஆபரேட்டரா இருந்தாரு" என்று சொல்லிவிட்டு மாமா கறியைப் போட்டுக்கொண்டார்.

எப்போது ஆரம்பம் என்று அம்மா கேட்டாள். அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. கோடை என்றதும் நான் சித்திரை, வைகாசி என்று நினைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்த கையோடு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர்களுடைய கோடை இங்கே ஆடி மாதம். எங்களுக்கு அப்போது குடை பிடிக்கிற காலம். எனக்கும் அதற்குள் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கும். வகுப்பு அங்கே மதியம், இங்கே சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்காரலாம் என்று மாற்றிக் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு அது கவலையில்லை. ஆடியில் போய் ஒரு காரியத்தை ஆரம்பிப்பார்களா என்பதுதான் கவலை.

"அங்கேயும் ஏறக்குறைய அதே சமயத்துல சில வாரம் கல்யாணம் பண்ண மாட்டாங்களாம், அம்மா" என்றேன். உண்மையாகவே அப்படிப் படித்திருந்தேன்.

"அப்படியா? அப்ப நல்ல சனந்தான்" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் தயாராக ஆரம்பித்தேன். ஒரு புது நோட்டு வாங்கினேன். எபிரேய எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், நோட்டையும் பின்னாலிருந்து திருப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை. உட்கார்ந்ததும் முதல் பக்கத்து உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. யூதர்களுக்கு உருவ வழிபாடு அறவே ஆகாது என்று அன்று காலையில்தான் படித்திருந்தேன். அழிக்கலாமா என்று யோசித்தேன். பிள்ளையாரை அழிக்க மனசு வரவில்லை. பரீட்சை வேறு இருந்தது. அவர்கள் கணக்குப்படி அது கடைசிப் பக்கம்தானே, அதுவரை படித்து வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துகளை ஒரு மாதத்தில் ஒருவாறு பழகிக்கொண்டேன். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் அவர்களுடைய முதல் வேதப் புத்தகத்தைப் பாதி படித்தேன். பெரிய தத்துவமாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால், முழுக்கக் குடும்பச் சண்டை. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை மூதாதைகள். பெண்டாட்டியைத் தங்கச்சி என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். அண்ணனுக்கு வரவேண்டியதைத் தம்பி தட்டிக்கொண்டு ஓடுகிறான். மாமனார் பெண்ணை மாற்றிக் கட்டிவைக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். ஹனூர் பக்கம் இரண்டு பஞ்சாயத்துக்குப் போனவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. 'இதைப் படிக்கவா எருசலேம்காரிகிட்ட போற?' என்பாள்.

மாசி மாதம் நேர்முகம் வைத்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பின் பொறுப்பாளர் ஒரு அம்மையார், தலையில் துணி கட்டிக்கொண்டு, சாந்தமான முகத்தோடு திரையில் வந்தார். பின்னால் சுவர் முழுக்கப் புத்தகம். என் பின்னால் ஊதுபத்தி அட்டைப்பெட்டிகள். அம்மா ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள், சீசன் சமயத்தில் வீட்டுக்கும் கொண்டுவருவாள். அன்றைக்கு அவள் லேப்டாப்புக்கு அந்தப் பக்கம், கேமராவில் விழாத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் புரியாது. முகத்தை வைத்தே புரிந்துகொள்வேன் என்று சொல்லியிருந்தாள்.

அம்மையார் முதலில் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டார். அப்பாவின் பிரார்த்தனையைப் பற்றிச் சொன்னேன். அடுத்து, "உன் அம்மா யூதரா?" என்று கேட்டார்.

"இல்லை. அப்பாதான்."

அவர் மெல்ல விளக்கினார். அவர்கள் சட்டப்படி ஒரு பிள்ளை யூதரா இல்லையா என்பது தாய் வழி. தந்தை யாராக இருந்தாலும் கணக்கில்லை. நான் படிக்கலாம், விருந்தாளியாக வகுப்பில் உட்காரலாம், தடையில்லை. ஆனால் நான் யூதர் இல்லை. ஆக வேண்டுமென்றால் அது ஒரு கோடையில் முடிகிற காரியம் இல்லை, வருஷங்கள் பிடிக்கும்.

"அப்பாவால் எதுவுமே வராதா?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"குலம் வரும். அது அப்பா வழி" என்றார் அவர். பூசாரி வம்சம், லேவி வம்சம், மற்றவர்கள் என்று மூன்று பிரிவு. அப்பா எதில் என்று தெரியுமா? தெரியாது என்றேன். லேவி வம்சத்தார் என்ன செய்வார்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். பழைய காலத்தில் கோயிலில் பாடினார்களாம். இப்போதும், பூசாரி வம்சத்தார் ஆசி சொல்ல எழுந்து நிற்பதற்கு முன்னால், அவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

நான் செம்பைப் பற்றிச் சொன்னேன், குழாயைப் பற்றியும் சொன்னேன், 'இது எங்க குடும்ப வேலையாக்கும்' என்பதை அவருக்கு எப்படி இங்கிலீஷில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் உன் அப்பா லேவிதான்" என்றார்.

நான் அவரை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். "அம்மா, அப்பா கைக்குத் தண்ணி ஊத்துவாரே, அது நெஜமாவே அவங்க குடும்ப வேலையாம். லேவின்னு பேரு."

"அவிய பொய் சொல்ல மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்ல" என்றாள் அம்மா. மறுபடி பீன்ஸுக்குப் போய்விட்டாள்.

திரையில் அம்மையார் இன்னும் சிரித்துக்கொண்டே, "அவரை எங்கே அடக்கம் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எரித்து ஆற்றில் கரைத்தோம் என்று சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. அவர்கள் எரிப்பதில்லை. கூடவே கூடாது. அந்த வார்த்தைகளை அவர் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அன்போடு செய்ததை யாரும் தப்பென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன விதத்திலிருந்தே அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது.

கடைசியாக அந்தப் பிரார்த்தனை. அது தனியாகச் சொல்வதில்லை, பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும் என்றார்.

"மைசூரில் பத்து ஆண்கள் கிடைப்பார்கள்."

"பத்து யூத ஆண்கள்."

அம்மையார், வகுப்புக்கு வருவதானால் இரண்டு மாதத்துக்குள் சொல், அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல், என்று வாழ்த்திவிட்டு மறைந்துவிட்டார். நல்ல மனுஷி. அவர் நல்லவராக இருந்ததுதான் என் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

எரித்ததைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அம்மா யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர்.

"பெத்தவளத்தான் கேப்பாங்களா? அப்பனக் கேக்க மாட்டாங்களா?" அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பரவால்லயே! இங்க ரேஷன் கார்டுல இருந்து அப்பன் பேரத்தான கேக்கறாங்க." கொஞ்ச நேரம் அந்த மதத்தின் மேல் நல்ல அபிப்பிராயத்தோடு பீன்ஸ் நறுக்கினாள். பிறகு கை நின்றது. "அப்ப என்னாலதான் உனக்கு இல்லைன்னுட்டாங்களா?"

"இல்லைன்னு சொல்லலம்மா. விருந்தாளியா வரலாமாம்."

"உங்கப்பன் வீட்டுக்கு நீ ஒறம்பரையா?" ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. "நான் வேணும்னா அதுக்கு மாறிக்கறேன். என்ன இப்ப? உங்கப்பனுக்காவ மீன் கழுவக் கத்துக்கல? அதவிடவா கஷ்டம்?"

வெங்காயமாக இருந்தாலாவது சாக்குச் சொல்லலாம். பீன்ஸுக்கு யாரும் அப்படிக் கண்ணைத் துடைப்பதில்லை. நான் லேப்டாப்பை மூடி வைத்தேன். அம்மா பீன்ஸில் உப்புப் போட மறந்துவிட்டாள். அன்று இரண்டு பேரும் அதை அப்படியே சாப்பிட்டோம்.

பங்குனி பிறந்தது. திதி நெருங்கியது. மாமா போன் செய்து, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்று கேட்டார். நான் பக்கத்திலிருந்து, "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொன்னேன். அம்மா போனைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்னா?"

"தப்புத் தப்பா செய்யறதுக்கு சும்மா இருக்கலாம். காசியபம் காசியபம்னு யாருக்கோ செய்யறோம். நான் படிச்சு, என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்பறம் ஒழுங்கா செய்யலாம்."

"படிச்சு முடிக்க எத்தன நாளாவும்?"

"தெரியாது. வருஷக்கணக்காகலாம்."

"அவிய சனம் செத்தவிகளுக்கு என்ன படைப்பாங்க?"

"ஒண்ணும் படைக்க மாட்டாங்க. பிரார்த்தனைதான்."

"சோறு கெடையாதா?"

"கெடையாது."

"தண்ணி?"

"அதுவும் கெடையாது. அவங்க எரிக்கறதே இல்லம்மா, புதைப்பாங்க. நாம எரிச்சதே தப்பு!"

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அம்மா போனைக் கட் செய்துவிட்டு அலமாரி மேல் வைத்தாள். ஊதுபத்திப் பெட்டிகள் ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தன, அவற்றை எடுத்து மறுபடி அடுக்கினாள். வெகுநேரம் கழித்து, "யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருக்கலாம்" என்றாள். "அவியளாச்சும் ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கலாம். கேட்டா அதொக்கெ உண்டு, அதொக்கெ உண்டுன்னு..."

"அம்மா, நான் அப்படிச் சொன்னது..."

"சும்னே இரு." அம்மாவுக்குக் கோபம் முற்றினால் கன்னடம் வந்துவிடும். "நீ படி. எத்தன வருசமானாலும் படி. நான் வேண்டாங்கல. ஆனா நீ படிச்சு முடிக்கற வரைக்கும் அவிய அங்க பட்டினி கெடக்கோணுமா?"

இதற்குப் பி.எட்.டில் பதில் சொல்லித் தரவில்லை. எருசலேமிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கோபமாகவும் இருந்தது. மாமாவுக்கு நானே போன் செய்து, காலை ஆறரை மணி பஸ் என்று சொன்னேன்.

திதியன்று ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். பெங்களூர் கார்கள், மொட்டைத் தலைகள், எள்ளுப் பொட்டலம் விற்கிறவர்கள். ஒரு புரோகிதர் முன்னால் நான்கு குடும்பம் வரிசையில் நின்றது. பத்து ஆண்கள் வேண்டும் என்றார்களே, அங்கே நூறு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் கணக்கில் வரமாட்டார். நானும் வரமாட்டேன். இந்த நினைப்போடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றேன். மாமா முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா வாழையிலையில் எள்ளும் பச்சரிசியும் எடுத்து வைத்துவிட்டு என் பக்கம் தள்ளி வந்து நின்றுகொண்டாள். அங்கே பொம்பளைகள் பேசுவதில்லை. புரோகிதரும் கேட்பதில்லை.

புரோகிதர் அதே ஆள். வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பேரைப் பார்க்கிறவர், அப்பாவை எப்படி நினைவு வைத்திருப்பார்? மாமா விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டு, "கோத்திரம்?" என்றார்.

மாமா, "காசி..." என்று ஆரம்பித்தார்.

"லேவி கோத்திரம்" என்றாள் அம்மா.

சத்தமாகவே சொன்னாள். பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புரோகிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேவியா?" புரோகிதர் யோசித்தார். "கேட்டதே இல்லையே தாயி. தமிழ்நாட்டுப் பக்கமா?"

"கொச்சி."

"ஓ, கேரளா." கேரளா என்றால் எதுவும் இருக்கும் என்பது போலத் தலையாட்டினார். "யாரு ருஷி? மூணு ருஷி கோத்திரமா, அஞ்சு ருஷியா?"

இதை அம்மா எதிர்பார்க்கவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அம்மணி, எத்தன ரிஷி?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்கு ரிஷி கிடையாது, இது அப்படிப்பட்ட கோத்திரம் இல்லை, இது எதுவுமே முறையில்லை. இரண்டு மாதமாக நான் சொல்லிவந்தது அதைத்தான். அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா தர்ப்பை விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"மூணு" என்றேன்.

"பேரு?"

"ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு."

புரோகிதர் என்னைப் பார்த்தார். மைசூர்க்காரர், சர்ச் பார்க்காதவரா? மாமாவின் நெற்றி விபூதியைப் பார்த்தார். பின்னால் காத்திருந்த நான்கு குடும்பத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நீண்ட மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், பரம்பரையாகச் சொல்லிவருகிறவர் மாதிரி ஆரம்பித்தார். "ஆபிரகாம ஈசாக்க யாக்கோப த்ரயார்ஷேய ப்ரவரான்வித லேவி கோத்ரஸ்ய..." அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர்.

நான் அழுதுவிட்டேன். சின்னதாக இல்லை, எள்ளு விற்கிறவர் வந்து என்னவென்று கேட்கிற அளவுக்கு. அவர் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

மாமா கையில் தண்ணீர் வாங்கிக் கட்டைவிரல் பக்கமாக விட்டார். கொஞ்சமாக விட்டார் போலிருக்கிறது.

"தாராளமா ஊத்துங்கண்ணா" என்றாள் அம்மா. "அவிய எத்தன பேருக்கு ஊத்தினவிய."

மாமா தாராளமாக ஊற்றினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே சீட் கிடைத்தது. மாமா முன்னால் நின்றுகொண்டு வந்தார். அம்மா ஈர முந்தானையை ஜன்னல் கம்பியில் உலரவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, முன்சீட்டுக்காரர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அந்த மூணு பேரு யாரு?"

"அப்பாவோட முப்பாட்டனுங்கம்மா. ரொம்பப் பழைய ஆளுங்க."

"நல்லவிகளா?"

தங்கச்சி என்று சொல்லப்பட்ட பெண்டாட்டிகளை நினைத்தேன். தம்பியிடம் ஏமாந்த அண்ணனை நினைத்தேன். "பாதிதான் படிச்சிருக்கேன்" என்றேன். "முழுசா படிச்சுட்டுச் சொல்றேன்."

அம்மா முந்தானை உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வெரசாப் படி அம்மணி" என்றாள். "மூணு ஒறம்பரையக் கூப்ட்டு எலையில உக்கார வெச்சாச்சு."